பழைய பேஸ் கிட்டார்: வாங்குவது, பேணுவது, மேடையேற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து அழகு பார்க்கிறவர்களுக்காக எழுதியதல்ல இது. பழைய பேஸைத் தோளில் மாட்டி வாசிக்கப்போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே இருக்கின்றன.

எத்தனை வருடம் ஆனால் 'விண்டேஜ்' என்று கணக்கு?

சட்டம் எதுவும் கிடையாது. முப்பது வருடம் ஆனாலே விற்பவர் அப்படித்தான் சொல்வார். விலையைத் தீர்மானிக்கிறவர்கள் பார்க்கும் கோடு வேறு. ஃபெண்டர் கம்பெனி 1965 ஜனவரியில் சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனத்தின் கைக்குப் போனது. அதற்கு முன் செய்தவை பெரும்பாலும் சேகரிப்பாளர்களின் உலகம். அதன் பிறகு 70களின் இறுதி வரை செய்தவற்றில் தரம் ஏறி இறங்கும். ஒரே ஆண்டில் செய்த இரண்டு பேஸ்களில் ஒன்று கையில் எடுத்ததுமே பாடும். இன்னொன்றில் நெக் (கழுத்து) உட்காரும் இடத்து இடைவெளியில் விசிட்டிங் கார்டையே செருகிவிடலாம். வாசிப்பதற்கென்று வாங்குகிறவருக்கு இந்தக் காலகட்டமும் 80களின் ஜப்பான் பேஸ்களும்தான் சரியான இடம். ஆனால் பெயரையும் ஆண்டையும் நம்பாமல், கையில் இருக்கும் அந்த ஒரு பேஸை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

முதன்முறை வாங்குகிறேன். எந்த மாடல்?

ப்ரிசிஷன் பேஸ். ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்தது. இரண்டு துண்டாகப் பிரிந்த பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்னலையாக்கும் பாகம்) 1957இல் வந்தது, இன்றும் அதே அமைப்புதான். ஒரு பிக்கப், ஒரு வால்யூம், ஒரு டோன். கெட்டுப்போக உள்ளே அதிகம் இல்லை. உதிரிபாகம் தாராளமாகக் கிடைக்கும், எந்த ரிப்பேர்காரரும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார்.

கை சின்னது, விரல் வேகம் வேண்டும் என்றால் 1960இல் வந்த ஜாஸ் பேஸ். நட் (நெக்கின் தலைமுனையில் கம்பிகள் தங்கும் பட்டை) அருகே நெக்கின் அகலம் சுமார் 38 மி.மீ.; 60களின் தொடக்கத்து ப்ரிசிஷனில் அது 44 மி.மீ. அளவில் இருக்கும். 70களின் தொடக்கத்தில் ஜாஸின் பின் பிக்கப்பை, உடலில் கம்பிகள் முடியும் பிரிட்ஜை நோக்கி இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்கள். அதனால் 70களின் ஜாஸ் பேஸ் கூர்மையாக, சற்று மூக்கால் பேசுவதுபோல் ஒலிக்கும். சிலருக்கு உயிர், சிலருக்கு ஆகாது. வாங்குவதற்கு முன் இரண்டையும் வாசித்துப் பாருங்கள். அந்தக் காலத்து ஆஷ் மர உடல்கள் சில 5 கிலோவைத் தொடும் என்பதையும் நினைவில் வையுங்கள். மூன்று மணி நேரக் கச்சேரியில் தோள்பட்டை அதைச் சொல்லிக் காட்டும்.

ஹாஃப்னர் 500/1, கிப்சன் ஈபி-0, ஈபி-3 ஆகியவை அதிரும் கம்பியின் நீளம் 30 அங்குலத்தை ஒட்டிய குட்டை ஸ்கேல் பேஸ்கள். ஒலிப்பதிவில் அழகு. உரத்த மேடையில் டிரம்ஸுக்கும் கீபோர்டுக்கும் நடுவே கரைந்துபோகும், தெரிந்தே வாங்குங்கள். 1976இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே மேடையில் எதையும் வெட்டிக்கொண்டு வெளியே வரும். ஆனால் ஆரம்பகால ஸ்டிங்ரேயில் ப்ரீஆம்ப் சர்க்யூட்டை எபாக்ஸி ஊற்றி மூடியிருப்பார்கள். போனால் போனதுதான், ஒரு உதிரியை மட்டும் மாற்ற வழியில்லை.

சீரியல் நம்பர் பார்த்தால் ஆண்டு தெரிந்துவிடுமா?

தோராயமாகத்தான். பழைய ஃபெண்டரில் சீரியல் நம்பர் நெக்கைப் பிடிக்கும் பின்பக்கத் தகட்டில் இருக்கும். 1976இல்தான் அது ட்யூனர்கள் இருக்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்குக்கு ஏறியது. அந்தத் தகடுகளை எண் வரிசைப்படி எடுத்து மாட்டவில்லை, கைக்கு வந்ததை எடுத்து மாட்டினார்கள். நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் தகடு வேறு பேஸுக்குப் போய்விடும் என்பதும் உண்மை.

நம்பத்தகுந்த சாட்சி நெக்கின் அடியில் இருக்கிறது. கம்பிகளைத் தளர்த்தி, நெக்கைக் கழற்றி, உடலுக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதியைப் பாருங்கள். 1962 வாக்கில் வரை பென்சிலில் தேதி எழுதினார்கள். பிறகு ரப்பர் ஸ்டாம்ப். "7 மே 63 ஏ" என்பதுபோல் இருக்கும். முதலில் வரும் 7 மே மாதம் ஏழாம் தேதி என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது தேதி அல்ல, மாடலின் குறியீடு: 7 என்றால் ஜாஸ் பேஸ், 5 என்றால் ப்ரிசிஷன். மாதமும் ஆண்டும் மட்டுமே தேதி. கடைசியில் நிற்கும் எழுத்து நட் அகலத்தைக் குறிக்கும். ஜாஸ் பேஸ் என்று விற்கும் ஒன்றின் நெக்கில் 5 இருந்தால் விற்பவரிடம் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது.

இன்னொன்று: அது நெக் செய்து முடித்த தேதிதான். பேஸை முழுதாகச் சேர்த்தது அதற்குச் சில மாதம் பிந்தியும் இருக்கலாம்.

வால்யூம், டோன் நாபுகளுக்கு அடியில் இருக்கும் 'பாட்' (பொட்டென்ஷியோமீட்டர்) மீது பதித்த எண்ணை எப்படிப் படிப்பது?

கண்ட்ரோல் தகட்டைத் திறந்து வால்யூம் பாட்டின் முதுகையோ பக்கத்தையோ பாருங்கள். 1376612 என்று இருந்தால்: 137 என்பது செய்த கம்பெனி (சிடிஎஸ்), 66 ஆண்டு, 12 அந்த ஆண்டின் வாரம். 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல். 50களின் பாட்களில் ஆண்டுக்கு ஒற்றை இலக்கம்தான் இருக்கும், மொத்தம் ஆறு இலக்கம். பழைய ஆம்ப்களின் ஸ்பீக்கருக்கும் இதே முறைதான்: 220 ஜென்சன், 465 ஆக்ஸ்ஃபர்டு.

பாட் சொல்வது "இதற்கு முன் இந்தப் பேஸ் பிறந்திருக்க முடியாது" என்பதை மட்டும். 1966இல் ஃபெண்டர் பாட்களை மூட்டை மூட்டையாக வாங்கிப் போட்டுவிட்டது. அதனால் 1968, 69 பேஸ்களிலும் 66ஆம் ஆண்டு பாட் இருப்பது சகஜம். மாறாக 1964 பேஸ் என்று காட்டப்படுவதில் 1966 பாட் இருந்தால், பாட்டை மாற்றியிருக்கிறார்கள் அல்லது பேஸ் 1964 அல்ல. பாட்டில் ஈயப் பற்று பளபளவென்று புதிதாக இருக்கிறதா, பழைய மங்கலான பற்றா என்பதைப் பார்த்தால் எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வர்ணம் மாற்றியது, ஃப்ரெட் (விரல்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) மாற்றியது என்றால் வேண்டாமா?

வாசிக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால், அதைத்தான் தேடிப்போய் வாங்க வேண்டும். மறுவர்ணம் பூசிய பழைய பேஸின் விலை, அசல் வர்ணத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி என்பது சந்தையின் பழைய கணக்கு. ஒலியில் அந்தப் பாதி குறைவதில்லை. யாரோ ஒருவர் முப்பது வருடம் முன்பு வீட்டில் வைத்துக் கறுப்பு பெயின்ட் அடித்ததால், சேகரிப்பாளரின் போட்டி இல்லாமல் அறுபதுகளின் நெக்கும் பிக்கப்பும் உங்களுக்குக் கிடைக்கிறது. மேடையில் ஒரு கீறல் விழுந்தாலும் நெஞ்சு பதறாது.

எதை வாங்கலாம், எதை விடலாம் என்பதற்கு என் அளவுகோல் ஒன்றுதான்: பிரச்சினை திரும்பச் சரிசெய்யக்கூடியதா? ட்யூனர், பிரிட்ஜ், பாட், ஃப்ரெட், நட் எல்லாம் மாற்றக்கூடியவை. மரத்தைக் குடைந்து இன்னொரு பிக்கப்புக்குக் குழி தோண்டியிருந்தால் அது மாறாது. ஒலிக்குப் பெரிய கேடில்லை, விலைக்குக் கேடு. முறுக்கிக்கொண்ட நெக் ஒலி, விலை இரண்டுக்கும் கேடு.

அசல் வர்ணம்தான் என்று சொல்கிறார்கள். எப்படி உறுதி செய்வது?

ஃபெண்டர் தொழிற்சாலையில் 1964 வாக்கில் வரை வர்ணம் அடிக்கும்போதும் காயவைக்கும்போதும் உடலில் சிறு ஆணிகளை அடித்து, அவற்றின் மேல் நிறுத்தினார்கள். காய்ந்த பின் ஆணியைப் பிடுங்கினால் வர்ணம் இல்லாத வெறும் மரத் துளை மிஞ்சும். பிக்கார்டு (உடலின் முகப்பை மூடும் பிளாஸ்டிக் தகடு), கண்ட்ரோல் தகடு இவற்றின் அடியில் பாருங்கள். துளைக்குள் வர்ணம் இறங்கியிருந்தாலோ துளையே காணோம் என்றாலோ மறுபடி பூசியிருக்கிறார்கள். 60களின் தொடக்கத்திலிருந்து நெக் குழிக்குள் ஒரு கட்டையைத் திருகி, அதைப் பிடித்துக்கொண்டு வர்ணம் அடித்தார்கள். அந்தக் கட்டை இருந்த இடம் மட்டும் வெறும் மரமாகத் தெரியும்.

1968 வாக்கில் ஃபெண்டர், வயதானால் வெடிப்பு விடும் நைட்ரோ லாக்கரிலிருந்து தடித்த பாலியெஸ்டர் பூச்சுக்கு மாறியது. 1972 பேஸின் உடல் முழுதும் மெல்லிய வெடிப்புக் கோடுகள் ஓடினால் சந்தேகப்படுங்கள். தேய்மானமும் நியாயமான இடத்தில் இருக்க வேண்டும்: முழங்கை படும் விளிம்பு, பெல்ட் பக்கிள் உரசும் முதுகு, கட்டைவிரல் ஓய்வெடுக்கும் இடம். வேண்டுமென்றே தேய்த்தவர்கள் பெரும்பாலும் ஆர்வக்கோளாறில் எல்லா இடத்திலும் தேய்த்துவிடுவார்கள்.

ஐந்தே நிமிடம்தான் பார்க்கக் கிடைக்கும் என்றால்?

ஐந்தும் நெக்குக்கே. ஹெட்ஸ்டாக் பக்கமிருந்து உடலை நோக்கி, ரயில் தண்டவாளத்தைப் பார்ப்பதுபோல் விரல்பலகையின் இரு ஓரங்களையும் பாருங்கள். இரண்டு ஓரமும் ஒரே மாதிரி வளைந்திருந்தால், நெக்குக்குள் ஓடும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடு பார்த்துக்கொள்ளும். ஒன்று மேலே, ஒன்று கீழே போனால் அது முறுக்கு. நல்ல வார்த்தை சொல்லி நகர்ந்துவிடுங்கள்.

பிறகு 'ஈ' கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்து, நடுவில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே எவ்வளவு சந்து என்று பாருங்கள். 0.3 முதல் 0.4 மி.மீ. வரை இருந்தால் நல்லது. நிறைய சந்து இருக்கிறது, ஆனால் ட்ரஸ் ராடு நட்டு இனி இறுகாது என்றால் அதுதான் பெரிய செலவு. பழைய ஃபெண்டர்களில் இந்த நட்டு நெக்கின் அடியில் இருப்பதால் சோதிக்க நெக்கைத் தளர்த்த வேண்டும். விற்பவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் அதுவே ஒரு பதில்.

நேரம் மிச்சமிருந்தால் ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் வாசியுங்கள்.

'ஜி' கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட் பக்கம் சுரம் சட்டென்று செத்துப்போகிறதே?

குறை அல்ல. ஃபெண்டர் பாணி பேஸ்கள் பெரும்பாலானவற்றில் ஐந்திலிருந்து ஏழாவது ஃப்ரெட்டுக்குள் இப்படி ஓர் இடம் உண்டு. அந்தச் சுரத்தின் அதிர்வும் நெக்கின் இயல்பான அதிர்வும் ஒத்துப்போவதால் கம்பியின் ஆற்றலை நெக் உறிஞ்சிவிடுகிறது. ஹெட்ஸ்டாக்கில் கனமான கிளாம்ப் மாட்டிப் பார்த்தால் செத்த இடம் வேறு ஃப்ரெட்டுக்கு நகரும், தொலையாது. தாங்கிக்கொள்ளும் அளவா என்று மட்டும் பாருங்கள்.

கிப்சன் பேஸின் ஹெட்ஸ்டாக் ஒருமுறை உடைந்து ஒட்டியது என்கிறார்கள். வாங்கலாமா?

கிப்சன் நெக் மஹாகனி. ஹெட்ஸ்டாக் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அந்த வளைவில் ட்ரஸ் ராடுக்காகக் குடைந்தும் இருப்பார்கள். ஸ்டாண்டிலிருந்து மல்லாந்து விழுந்தால் அந்த இடத்தில்தான் முறியும். 1963இல் வந்த தண்டர்பேர்டில் நீள நெக்கும் பெரிய ஹெட்ஸ்டாக்கும் சேர்ந்ததால் உடையாததைக் காண்பதே அரிது என்று சொல்லும் அளவுக்கு இது வழக்கம்.

நன்றாக ஒட்டிய முறிவு இன்னும் முப்பது வருடம் தாங்கும். நீண்ட சாய்வான முறிவில் பசை பிடிக்கப் பரப்பு அதிகம், அது நல்லது. நட்டுக்குக் கீழே குறுக்காக, குட்டையாக முறிந்தது ஆபத்து. விரல் நகத்தை ஒட்டின கோட்டின் மேல் ஓட்டிப் பாருங்கள். தட்டினால் அது சரியாகச் சேரவில்லை. ஒழுங்காக ஒட்டியது என்றால் விலை கணிசமாக இறங்கியிருக்க வேண்டும், இறங்கியிருந்தால் வாங்கலாம்.

ஜப்பான் 'லாசூட்' (வழக்கு) பேஸ் என்று விளம்பரம் செய்கிறார்களே?

அந்தச் சொல்லுக்காக ஒரு காசு கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். வழக்கு நடந்தது உண்மை: 1977இல் கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், ஐபனீஸ் கிட்டார்களை அமெரிக்காவில் விநியோகித்த எல்கர் மீது தொடுத்தது. அதுவும் ஹெட்ஸ்டாக் வடிவத்தைப் பற்றியது மட்டும். இப்போது 70களில் ஜப்பானில் செய்த எதையும், ஒட்டுப்பலகையில் செய்ததைக்கூட, அந்தப் பெயரில் விற்கிறார்கள்.

நிஜமாகவே தேட வேண்டியவை: ஃபெண்டர் ஜப்பான் 1982இல் தொடங்கியபோது ஃபூஜிஜென் தொழிற்சாலையில் செய்த, ஜேவி என்று தொடங்கும் சீரியல் கொண்டவை. அதே காலத்து கிரெக்கோ, டோக்காய் பேஸ்களும் உண்டு. அசல் அறுபதுகளின் பேஸ்களை அளந்து பார்த்துச் செய்தவை. அன்றைய அமெரிக்கத் தயாரிப்பைவிடச் சுத்தமான வேலை. மேடைக்கென்று ஒரு பழைய பேஸ் மட்டும் வாங்க முடியும் என்றால் நான் இங்கேதான் பார்ப்பேன்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது மரத்தால் சிக்கல் வருமா?

வரலாம். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டி விற்கக் கூடாது. அறுபதுகளின் நடுப்பகுதி வரை ஃபெண்டர் விரல்பலகைகளில் அந்த மரம் இருந்தது. மற்ற ரோஸ்வுட் வகைகளையும் 2017 ஜனவரியில் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள்; செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கொடுத்துவிட்டார்கள். பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்கு இல்லை. ஆமை ஓடுபோல் தெரியும் சிவப்புப் பிக்கார்டு பற்றிப் பயம் வேண்டாம், அது செல்லுலாய்டு. சுங்க அதிகாரிக்குப் புரியவைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பெட்டி குளிரில் பயணப்பட்டு வந்திருந்தால் ஆவலில் உடனே திறக்காதீர்கள். பெட்டியோடு அறையில் ஒரு நாள் கிடக்கட்டும். குளிர்ந்த நைட்ரோ லாக்கரைச் சூடான காற்று தொட்டால் கண்முன்னே வெடிப்பு ஓடும்.

திருட்டுப் பொருளாக இருந்தால்?

பழைய பேஸ்களுக்கு இந்த வரலாறு கொஞ்சம் நீளம். மோட்டவுன் பாடல்களின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சனின் 1962 ப்ரிசிஷன், 1983இல் அவர் இறப்பதற்குச் சற்று முன் திருடுபோனது, இன்றுவரை வரவில்லை. ஜாஸ் இசையின் பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸின் 1962 ஜாஸ் பேஸ் 1986இல் நியூயார்க்கில் காணாமல் போய், சுமார் இருபது ஆண்டு கழித்து வெளிப்பட்டது. பால் மெக்கார்ட்னியின் 1961 ஹாஃப்னர் 1972இல் லண்டனில் ஒரு வேனிலிருந்து போனது. திரும்பக் கிடைத்த செய்தி 2024இல்தான் வந்தது. ஐம்பது வருடம் கழித்தும் உரிமையாளர் வந்து நிற்பார் என்பதுதான் விஷயம். விற்றவரின் கையெழுத்தோடு ரசீது வாங்குங்கள், சீரியலைத் திருட்டுப் பட்டியல்களில் தேடிப் பாருங்கள். வாங்கிய அன்றே உங்கள் பேஸைப் படம் எடுத்து வையுங்கள்: மரத்தின் ரேகை, கீறல், நெக் அடிப்பகுதி. சீரியல் தகட்டை மாற்றலாம், மரத்தின் ரேகையை மாற்ற முடியாது.

எந்தக் கம்பி போடுவது?

1950, 60களில் இந்தப் பேஸ்களோடு வந்தவை பிளாட்வவுண்ட் (மேல்சுற்று தட்டையான கம்பி). ஃப்ரெட்டை அரிக்காது, விரல் உரசும் சத்தம் இராது. ஜேமர்சன் போட்டிருந்தது லா பெல்லா தடிக் கம்பிகள், தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் 52 முதல் 110 பங்கு வரை. அறுந்தாலொழிய மாற்றமாட்டார் என்பார்கள். அதே செட்டை நீங்களும் போட ஆசைப்பட்டால் நெக்குக்கு இழுவை கூடும் என்பதை மறக்காதீர்கள். ட்ரஸ் ராடில் இன்னும் திருப்ப இடமில்லாத நெக்குக்கு அது வேண்டாம். மெல்லிய பிளாட்வவுண்ட் போதும். உருண்டைச் சுற்று கொண்ட ரவுண்ட்வவுண்ட் ஸ்டீல் கம்பி பழைய மெல்லிய ஃப்ரெட்டுகளைச் சீக்கிரம் தின்றுவிடும், நிக்கல் கொஞ்சம் இரக்கம் காட்டும்.

ட்ரஸ் ராடை நானே திருப்பலாமா?

ஃபெண்டர் என்றால் பொறுமை இருந்தால் போதும். கம்பியைத் தளர்த்தி, நெக்கைக் கழற்றி, கால் சுற்று மட்டும் திருப்பி, மீண்டும் மாட்டி, ட்யூன் செய்து பாருங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் கழற்றாமல் பிக்கார்டு ஓரமாக ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நட்டின் தலையைச் சிதைத்தவர்கள் ஏராளம். நெக் ஸ்க்ரூவைத் திரும்ப மாட்டும்போது முதலில் எதிர்த்திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். பழைய மரையில் ஸ்க்ரூ 'டக்' என்று விழுவது கையில் தெரியும். அதன் பிறகு வலப்பக்கம் திருப்பினால் புதிய மரை வெட்டாமல் பழைய தடத்திலேயே இறங்கும்.

பழைய ரிக்கன்பேக்கர் 4001 என்றால் கை வைக்காதீர்கள், அல்லது முறையைக் கற்றுக்கொண்டு கை வையுங்கள். அதில் இரண்டு ராடுகள், ஹேர்பின் போல மடித்தவை. நட்டைத் திருகினால் நெக் நிமிராது. நட்டின் வேலை நெக்கை அதன் இடத்தில் நிறுத்துவது மட்டும்தான். இரண்டு நட்டையும் தளர்த்தி, நெக்கைக் கையால் வளைத்து வேண்டிய நிலைக்குக் கொண்டுவந்து, இன்னொருவர் அப்படியே பிடித்திருக்க, நட்டுகளை இறுக்க வேண்டும். ஃபெண்டர்போல் நினைத்து வெறும் நட்டை முறுக்கினால் விரல்பலகையே பிளந்துகொண்டு எழும்பும்.

ஃப்ரெட் தேய்ந்துவிட்டது. மாற்றினால் மதிப்பு போகாதா?

வாசிக்க முடியாத பேஸுக்கு என்ன மதிப்பு? முதலில் லெவல் செய்து பாருங்கள். உயரம் மிச்சமில்லை என்றால் மாற்றுங்கள். பழைய அகலத்திலேயே ஃப்ரெட் கம்பி வாங்கச் சொல்லுங்கள், விரல்பலகையை அதிகம் இழைக்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்லுங்கள். 1962இன் நடுவிலிருந்து ஃபெண்டர் ரோஸ்வுட் பலகைகள் மெலிந்துகொண்டே வந்தன. இரண்டு முறை இழைத்தால் மேப்பிள் எட்டிப் பார்க்கும்.

நாபைத் திருப்பினால் கரகரக்கிறது. பிக்கப் ஒன்று சத்தமே இல்லை.

கரகரப்புக்குப் பாட்டுக்குள் கான்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு, பிறகு நாபை முப்பது தடவை முழுச் சுற்றுச் சுற்றுங்கள். பாட்டைக் கழற்ற வேண்டாம், ஈயப் பற்றைத் தொட வேண்டாம்.

பிக்கப்பைக் குறை சொல்வதற்கு முன் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பழைய ப்ரிசிஷன் பிக்கப் 10 கிலோ ஓம் பக்கம் காட்டும், ஜாஸ் 7, 8. முடிவிலி காட்டினால் முடியைவிட மெல்லிய சுருள் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. பெரும்பாலும் சுருளின் நடுவில் அல்ல, வெளிக்கம்பி சேரும் முனையில். கைதேர்ந்தவர் அதை மட்டும் ஒட்டிவிடுவார். அப்படி முடியவில்லை என்றால்தான் மறுபடி சுற்றக் கொடுப்பது. ஜாஸில் பிக்கப்பின் உயரத்தைத் தாங்கும் பஞ்சு ஐம்பது வருடத்தில் மாவாகியிருக்கும். பிக்கப் செத்தது என்று வரும் புகார்களில் பல, பஞ்சு நொறுங்கிப் பிக்கப் உள்ளே இறங்கியதுதான்.

கழற்றியது எதுவாக இருந்தாலும் ஒரு கவரில் போட்டுப் பெட்டியிலேயே வையுங்கள். தேய்ந்த நட்டுத் துண்டு உட்பட.

துடைப்பதற்கு என்ன பயன்படுத்தலாம்?

ஈரம் பிழிந்த பருத்தித் துணி. பிசுக்கு போகவில்லை என்றால் நாஃப்தா, நைட்ரோவை ஒன்றும் செய்யாது. சிலிக்கான் கலந்த பாலிஷ் கூடாது. பின்னாளில் வர்ண வேலை செய்கிறவர் உங்களைத் திட்டுவார். ரப்பர் வைத்த ஸ்டாண்டில் நைட்ரோ பேஸை இரவு முழுக்க விடாதீர்கள். ரப்பரில் உள்ள வேதிப்பொருள் லாக்கரை இளக்கி, பேஸோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்டாண்டில் பருத்தித் துணி சுற்றுங்கள், இல்லையென்றால் பெட்டியில் வையுங்கள்.

பழைய டியூப் ஆம்ப் வாங்கியிருக்கிறேன். போட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம், முதலில் டெக்னீஷியனிடம் கொண்டுபோங்கள். காரணம் மூன்று. பவர் சப்ளையில் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் இருபது வருடத்தில் காய்ந்துபோகும். காய்ந்ததோடு ஓட்டினால் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்துக் கொண்டுபோகும். இரண்டாவது, 60களின் அமெரிக்க ஆம்ப்களில் இரண்டு முள் பிளக்கும், மின்கம்பியிலிருந்து சேசிஸுக்குப் போகும் ஒரு கெப்பாசிட்டரும் இருக்கும். அது ஷார்ட் ஆனால் பேஸ் கம்பியில் விரலும் மைக்கில் உதடும் படும்போது கரன்ட் உங்கள் வழியாகப் போகும். அதை வெட்டி எறிந்துவிட்டு எர்த்தோடு மூன்று முள் வயர் போடுங்கள். அசல் போய்விடுமே என்று இதில் யோசிக்கவே கூடாது. மூன்றாவது மின்னழுத்தம்: அமெரிக்க ஆம்ப் 117 வோல்ட் என்றால் 230 வோல்ட்டில் சொருகிய நொடியே கதை முடிந்துவிடும், ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

ஆம்பை நீங்களே திறக்கவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் காத்திருக்கும். ஸ்பீக்கர் இணைக்காமல் டியூப் ஆம்பை ஒருபோதும் ஓட்டாதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகும்.

மேடைக்கு எந்தப் பழைய ஆம்ப்?

1969இல் வந்த ஆம்பெக் எஸ்விடி 300 வாட், பத்து அங்குல ஸ்பீக்கர் எட்டு. தலை மட்டும் 40 கிலோவை ஒட்டி வரும். கூடத் தூக்க ஆள் இருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. முதல் ஆண்டுகளின் எஸ்விடியில் ரேடியோ டிரான்ஸ்மிட்டருக்காகச் செய்த 6146 டியூப்; பிறகு 6550க்கு மாறினார்கள். பின்னதைத் தேடுங்கள், டியூப் கிடைக்கும்.

1960இல் வந்த ஆம்பெக் பி-15 ஒலிப்பதிவு அறையின் செல்லப்பிள்ளை. அதன் 25 வாட்டை வைத்துக்கொண்டு உரத்த டிரம்மரோடு மோத முடியாது. மைக் வைத்து ஒலிபெருக்கியில் விட்டால் முடியும். பழைய கேபினெட்டின் அசல் ஸ்பீக்கர்கள் இன்றைய வாட் கணக்குக்குச் செய்தவை அல்ல. 500 வாட் புது ஆம்பை அதில் மாட்டினால் காகிதக் கோன் கிழியும்.

யானை வாங்கியவர் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கிற கதை இங்கேயும் நடக்கிறது: ஆம்பை வாங்கிவிட்டுச் சர்வீஸுக்குத் தயங்குவார்கள். சர்வீஸ் செலவையும் சேர்த்துத்தான் ஆம்பின் விலை.

பழைய பேஸ் மேடையில் இரைகிறது. ரிப்பேரா?

1957க்குப் பிந்தைய ப்ரிசிஷன் என்றால் ரிப்பேர்தான், ஏனென்றால் அந்தப் பிக்கப்பின் இரண்டு பாதிகளும் ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அடிக்கும்படி அமைந்தவை. எர்த் வயர் விட்டிருக்கும், முக்கியமாகப் பிரிட்ஜுக்குப் போகும் இணைப்பு. ஜாஸில் இரண்டு வால்யூமும் முழுதாக இருந்தால் இரைச்சல் அடங்கும். ஒன்றைக் குறைத்தால் எழும்பும். அது அதன் இயல்பு. மங்கலாக்கும் விளக்கு டிம்மர்களிடமிருந்து தள்ளி நில்லுங்கள். இரைச்சலுக்குப் பயந்து ஆம்பின் எர்த் முள்ளை மட்டும் யாராவது உடைக்கச் சொன்னால் கேட்காதீர்கள்.

டிஐ பாக்ஸில் (பேஸை நேரே மிக்ஸருக்கு அனுப்பும் பெட்டி) மாட்டினால் ஒலி மந்தமாகிறதே?

ஸ்டிங்ரே போன்றவை நீங்கலாகப் பழைய பேஸ்கள் பாசிவ், உள்ளே ப்ரீஆம்ப் கிடையாது. அவற்றுக்கு 1 மெகா ஓம் அளவு இன்புட் வேண்டும். மலிவான பாசிவ் டிஐ அதைவிட மிகக் குறைவாகவே தருவதால் மேல் சுரங்கள் மடிந்துவிடுகின்றன. ஆக்டிவ் டிஐ கேளுங்கள் அல்லது சொந்தமாக ஒரு ப்ரீஆம்ப் பெடல் வைத்துக்கொள்ளுங்கள். கிப்சன் ஈபி பேஸ்களின் கழுத்துப் பக்கப் பிக்கப் 30 கிலோ ஓம் வரை போகும். அதோடு பத்து மீட்டர் கேபிளும் போட்டால் மிஞ்சுவது வெறும் உறுமல்தான். கேபிளைக் குட்டையாக வையுங்கள்.

வெளியூர்க் கச்சேரிக்கு எடுத்துப்போகலாமா?

அசல் வர்ணம், அசல் பாகம், அறுபதுகளுக்கு முந்தையது என்றால் நான் எடுத்துப்போகமாட்டேன். மற்றவை போகலாம். கழுத்தைத் தாங்கும் கடினப் பெட்டி, அகலமான தோல் ஸ்ட்ராப், பழைய ஸ்ட்ராப் பட்டனைக் கழற்றாமலே மேலே பூட்டும் ரப்பர் வாஷர். ஸ்ட்ராப் லாக் மாட்டுவதற்காகத் துளையைப் பெரிதாக்காதீர்கள். பூட்டிய காரில் வெயிலில் ஒரு மணி நேரம்கூட விடாதீர்கள்: லாக்கர் இளகும், செல்லுலாய்டு பிக்கார்டு சுருங்கும். விமானத்தில் கம்பியை ஒன்றிரண்டு சுரம் இறக்கி, ஹெட்ஸ்டாக்குக்கு அடியிலும் மேலும் துணி அடைத்து அனுப்புங்கள். பிரேசில் ரோஸ்வுட் என்றால் இசைக்கருவிக்கான சைட்டீஸ் சான்றிதழைப் புறப்படுவதற்கு வெகு முன்பே வாங்குங்கள்.

மாற்று பேஸ் ஒன்று கூட வேண்டுமா?

வேண்டும். அதே ஸ்கேல் நீளம், அதே வகைக் கம்பி. இடைவேளையில் அல்ல, முதல் பாட்டிலேயே ட்யூனர் கழன்று வரும். சவுண்ட் செக்கில் இரண்டையும் மாட்டி அளவு ஒத்துப்போகிறதா என்று சவுண்ட் இன்ஜினியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.